மார்ச் மனுவும் செப்டம்பர் தாளும்: எங்கள் ஊர்ப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகள்

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் மூன்று கல்வியாண்டு வராந்தாவில் நடந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். நான் அங்கே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். அந்த இரண்டு வகுப்பறைகளுக்காக ஊரிலிருந்து போன மனுக்களில் முக்கால்வாசி என் கடையில் நானே அடித்தவை. அவற்றில் பெரும்பாலானவை தப்பான மாதத்தில் தப்பான வாசலுக்குப் போயின என்பது ரொம்பப் பிந்தித்தான் எனக்கு விளங்கியது. எங்கே பிசகினோம், எந்த இடத்தில் சரியாக மாட்டியது என்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இன்னொரு ஊர்க்காரருக்கு ஒரு வருடம் மிச்சமானாலும் நல்லதுதான்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்தார்கள். எங்கள் பள்ளியில் ரோட்டோரம் இருந்த ஓட்டுக் கட்டடத்தின் உத்திரம் கறையான் அரித்து மாவாகியிருந்தது, விரலால் அழுத்தினால் உள்ளே போகும். இடிக்கச் சொன்னார்கள், இடித்தார்கள், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இடிக்க ஒரு வாரம் ஆனது. திரும்பக் கட்டுவது பற்றி அந்த உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. இருக்கவும் முடியாது என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. ஆபத்தான கட்டடத்தை இடிக்க அதிகாரியின் கையெழுத்து போதும், புதிதாகக் கட்டுவதற்குச் சட்டமன்றம் அனுமதித்த பணம் வேண்டும்.

எங்கள் பக்கம் வருடத்தில் இரண்டு மழை. ஜூன் மாதம் இடவப்பாதி, அது மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அக்டோபரில் துலா மழை. வராந்தா மேற்குப் பார்த்தது. தலைமை ஆசிரியை சொந்தப் பணத்தில் நீலத் தார்ப்பாய் வாங்கித் தூண்களுக்கு இடையில் நைலான் கயிற்றால் கட்டினார். காற்றடித்தால் தார்ப்பாய் படபடக்கும், டீச்சர் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்காது. ஒரு நாள் மகளின் நோட்டைப் பார்த்தேன், முன்பக்கங்கள் பேனாவில், அப்புறம் திடீரென்று எல்லாம் பென்சில். ஏன் என்று கேட்டேன். "மழை மாசத்துல பென்சில்லதான் எழுதணும்னு டீச்சர் சொல்லியாச்சு, சாரல் பட்டா மை பரவுதுல்லா" என்றாள். அன்று ராத்திரியே உட்கார்ந்து முதல் மனுவை அடித்தேன்.

அந்த முதல் மனு போன கதையைச் சொன்னால் குமரிக்காரர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். நெல்லைப் பக்கத்து நண்பர் ஒருவர் அவர்கள் ஊர்ப் பள்ளிக்காக எழுதிய மனுவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், நான் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து, "இப்பள்ளி இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வந்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் கிராமத்துத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் அது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. 1981 ஜூன் 1 முதல் அங்குள்ள ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆகிவிட்டார்கள், ஆனாலும் பள்ளி ஒன்றியத்தின் பெயரில்தான் இருக்கிறது, கட்டட வேலையை ஊரக வளர்ச்சித் துறைதான் பார்க்கிறது. எங்கள் மாவட்டத்தில் போர்டைப் பாருங்கள், "அரசு தொடக்கப் பள்ளி", "அரசு நடுநிலைப் பள்ளி" என்றுதான் இருக்கும். 1956 நவம்பர் 1-ந் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இந்தப் பள்ளிகள் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் பள்ளிகளாக வந்து சேர்ந்தன. 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று பிறப்பித்த ஆணை இந்த மண்ணுக்கும் சேர்த்துத்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. மிஷன் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் போட்டி போட்டுக்கொண்டு கட்டிய பெருமை அது. இந்த வரலாறெல்லாம் பெருமைக்குப் பேசுகிற விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது என்று அந்த ஒரு வரிப் பதில் வந்தபோதுதான் உறைத்தது.

அடுத்து 2023 மார்ச். 20-ந் தேதி பட்ஜெட் வாசித்தார்கள், பள்ளிக் கல்விக்கு 40,299 கோடி ரூபாய். அந்த எண்ணைப் பார்த்ததும் குழுவில் எல்லோருக்கும் தெம்பு வந்துவிட்டது. இவ்வளவு பணத்தில் எங்கள் இரண்டு அறைக்கு இடமில்லாமலா போகும்? பட்ஜெட் வாசித்த அடுத்த வாரமே தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு எட்டுப் பேர் போனோம். துறைவாரியாகச் செலவுக்கு அவையின் அனுமதி கேட்கிற மானியக் கோரிக்கை விவாதத்தில் எங்கள் பள்ளியைப் பற்றிப் பேசி, பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டோம். உதவியாளர் மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார், குடிக்க மோரும் தந்தார். விவாதம் நடந்த அன்று கடையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். உறுப்பினர்கள் பேசினார்கள், அமைச்சர் பதில் சொன்னார், புதிய அறிவிப்புகள் வாசிக்கப்பட்டன, குரல் வாக்கெடுப்பில் கோரிக்கை நிறைவேறியது. எங்கள் ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை. சில வாரம் கழித்து, "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று அலுவலகக் கடிதம் ஒன்று வந்தது. குழுவின் தலைவியாக இருந்த அக்கா அதைப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் கல்வி அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியக் காகிதம் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தார். திரையில் அடுத்த மனு பாதி அடித்தபடி இருந்தது, எட்டிப் பார்த்தார்.

"ஆருக்கு மக்ளே இது?"

"எம்.எல்.ஏ.வுக்கு சார். போன தடவை நடக்கல. இந்தத் தடவ கொஞ்சம் காட்டமா எழுதியிருக்கேன்."

"காட்டமா எழுதி என்ன செய்ய? பட்ஜெட்டு வாசிச்ச பெறகு சட்டசபையில வெட்டத்தான் முடியும், ஒட்ட முடியாது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் சொன்னதையும், அதற்கப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 202-வது பிரிவின்படி ஒவ்வொரு வருடமும் மாநில அரசு தன் வரவு செலவு அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அதில் செலவு இரண்டு வகை. கடன் வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் மாதிரியானவை நேரடியாக மாநிலத் தொகுப்பு நிதியத்தின் (அரசின் வரவெல்லாம் சேர்கிற பொதுப் பணப்பெட்டி) மேல் சாற்றப்பட்டவை, அவற்றை விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது. மற்றதெல்லாம் மானியக் கோரிக்கைகளாகப் பிரிந்து வரும். தமிழ்நாட்டில் ஐம்பதுக்கும் மேல் கோரிக்கைகள், பள்ளிக் கல்வி 43-வது, உயர் கல்வி 20-வது. 203-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒரு கோரிக்கையை அவை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். கூட்டுவதற்கு உறுப்பினருக்கு அதிகாரமே இல்லை, ஏனென்றால் ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்தக் கோரிக்கையும் அவைக்கு வர முடியாது, அந்தப் பரிந்துரை என்பது நடைமுறையில் அமைச்சரவையின் முடிவு. எதிர்க்கட்சிகள் கொண்டுவருகிற வெட்டுத் தீர்மானமும் குறைக்கச் சொல்கிற தீர்மானம்தான். நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்து, அந்தச் சாக்கில் ஒரு குறையைப் பேசுவார்கள். கோரிக்கைகள் எல்லாம் நிறைவேறிய பிறகு 204-வது பிரிவின் கீழ் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும், அது சட்டமானால்தான் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியும். அந்தச் சட்டமுன்வடிவிலும் தொகையை மாற்றித் திருத்தம் கொண்டுவர முடியாது.

ஆக நாங்கள் மோர் குடித்துவிட்டு வந்த அந்த நாளில், எங்கள் உறுப்பினர் நினைத்திருந்தாலும் இரண்டு அறைக்கான பணத்தை 43-வது கோரிக்கையில் சேர்த்திருக்க முடியாது. அவர் பேசியிருந்தால் பதிவாகியிருக்கும், அமைச்சர் காதில் விழுந்திருக்கும், அதுவும் ஒரு பயன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கேட்டது அதை இல்லையே.

அப்படியானால் அந்த எண் எங்கே உருவாகிறது? சார் தாளின் அடியிலிருந்து மேலே அம்புக்குறி போட்டார். பள்ளி, வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர், சென்னைக் கல்லூரிச் சாலையில் இயக்குநரகம், தலைமைச் செயலகத்தில் பள்ளிக் கல்வித் துறை, கடைசியில் நிதித் துறை. ஒவ்வொரு படியிலும் எண் பட்டியல் என்று ஒன்று போகும். எத்தனை பணியிடம், எவ்வளவு சம்பளம், எவ்வளவு படி, மின்கட்டணம் எவ்வளவு என்று தலைப்பு வாரியாக. வழக்கமான செலவெல்லாம் இப்படிக் கீழேயிருந்து கூடிக் கூடி மேலே போகும். இதற்குப் பகுதி ஒன்று என்று பெயர். புதிதாகச் செய்ய வேண்டிய வேலைகள் பகுதி இரண்டு, அவற்றுக்குத் துறை தனியாக முன்மொழிவு அனுப்பி, நிதித் துறையோடு உட்கார்ந்து பேசி, சிலது தேறும், சிலது விழும். இந்த வேலை ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கி டிசம்பர், ஜனவரிக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். மார்ச்சில் அமைச்சர் வாசிப்பது அந்தக் கூட்டலின் கடைசி வரி.

"மார்ச்சுல மனு குடுத்தா கல்யாணம் முடிஞ்ச பெறகு மொய் எழுதப் போன கதைதான்" என்றார் சார்.

பள்ளிக் கல்விக் கோரிக்கையைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கணக்குத் தலைப்பு 2202 என்றால் பொதுக் கல்வி, வருவாய்ச் செலவு. அதற்குள் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி. தொடக்கக் கல்விக்குள் அரசுப் பள்ளிகளுக்கு 101, தனியார் நிர்வாக உதவிபெறும் பள்ளிகளுக்கு 102, உள்ளாட்சிப் பள்ளிகளுக்கு 103 என்று தனித்தனிப் பெட்டி. கட்டடம் மாதிரி நின்று நிலைக்கிற மூலதனச் செலவு 4202. பெருந்தொகை போவது சம்பளத்துக்குத்தான். இதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, பள்ளி என்றால் முதலில் ஆசிரியர்தான், ஆசிரியர் இல்லாத கட்டடம் எதற்கு. எங்கள் மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய, அந்த ஆசிரியர்களின் சம்பளமும் இந்தக் கோரிக்கையிலிருந்துதான். ஆகஸ்டு 1-ந் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துப் பணியிட நிர்ணயம் நடக்கும், பிள்ளைகள் குறைந்தால் உபரி ஆசிரியர் என்று வேறு பள்ளிக்குப் போவார். அதனால்தான் ஜூலை மாதம் டீச்சர்மார் வீடு வீடாக வந்து சேர்க்கைக்கு அலைகிறார்கள், சும்மா அலையவில்லை. சம்பளம் போக மிச்சத்தில்தான் எல்லாக் கட்டடமும் முட்டி மோத வேண்டும். 40,299 கோடி என்ற எண்ணைப் பார்த்து நாங்கள் தெம்படைந்தது எவ்வளவு வெள்ளந்தியான காரியம் என்று அப்போது புரிந்தது.

இன்னொரு குழப்பமும் தீர்ந்தது. பிள்ளைகளுக்காகச் செலவாகிற எல்லாப் பணமும் 43-இல் இல்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் சமூக நலத் துறை. பேச்சிப்பாறை மலைப்பக்கத்துக் காணிப் பழங்குடிப் பிள்ளைகளின் உண்டு உறைவிடப் பள்ளி ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறை. ஒரே பிள்ளை, ஒரே நாள், மூன்று நான்கு மானியக் கோரிக்கைகள். எந்தக் குறையை எந்தத் துறையிடம் கொண்டுபோவது என்று தெரியாமல் பெற்றோர் அலைவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம் ஒன்றிய அரசின் பங்கு. 1976-இல் அரசமைப்பின் 42-வது திருத்தத்தால் கல்வி, ஒன்றிய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூறு ரூபாய்க்கு 60 ரூபாய் ஒன்றிய அரசு, 40 ரூபாய் மாநிலம். பள்ளி மானியம் இதிலிருந்துதான் வரும். 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய். எங்கள் பள்ளி அந்த வரிசையில். சாக்பீஸ், துடைப்பம், குழாய் ரிப்பேர், வெள்ளையடிப்பு, எல்லாம் அதற்குள். 2024-25-இல் பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது, மாநில அரசு தன் பணத்தைப் போட்டுச் சமாளிப்பதாக 2025 பட்ஜெட் உரையில் சொன்னார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம், சட்டமன்றம் அதை நம்பித் தன் மதிப்பீட்டில் எழுதிய பணம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கையெழுத்தில் தொங்கியது. பிள்ளைகளின் பணத்தை இப்படிப் பணயம் வைப்பது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. கொள்கையில் சண்டை இருக்கட்டும், நடத்துங்கள், பணத்தை விட்டுவிட்டு நடத்துங்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். சார் கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த சாவி. 2009 கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு, இது எங்களுக்குத் தெரியும், மாதம் ஒருமுறை உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோமே. 22-வது பிரிவைப் படித்தீர்களா என்று கேட்டார். யாரும் படிக்கவில்லை. மேலாண்மைக் குழு ஒரு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும், அந்தத் திட்டம்தான் அரசு பின்னால் போடுகிற திட்டங்களுக்கும் தருகிற மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்கும் என்று சட்டமே சொல்கிறது. தயவு செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று மனு எழுதுவது ஒன்று. சட்டம் எங்களைத் தயாரிக்கச் சொன்ன ஆவணத்தைத் தயாரித்து அனுப்புவது முற்றிலும் வேறு. இரண்டாவதை வாங்குகிற அலுவலகம் அதைச் சாதாரண மனுவைப் போல ஒதுக்கி வைப்பது சுலபமில்லை.

2023 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பள்ளியில் உட்கார்ந்தோம். தலைமை ஆசிரியை, அக்கா, நான், இன்னும் ஆறேழு பெற்றோர். சார் மூலையில் ஒரு பெஞ்சில். இந்த முறை உருக்கமாக எதுவும் எழுதவில்லை. பள்ளியின் பெயருக்குக் கீழே பள்ளி அடையாள எண். வகுப்பு வாரியாக ஆகஸ்டு 1-ந் தேதி பிள்ளைகள் எண்ணிக்கை. இருக்கிற அறைகள், தேவையான அறைகள், குறைவு இரண்டு. இடித்த கட்டடத்தின் இடிப்பு உத்தரவு நகல். பட்டா நகல், இடம் பள்ளியின் பேரில்தான் இருக்கிறது என்பதற்கு, இது இல்லாமல் எத்தனையோ ஊர்க் கோப்பு தூங்குகிறதாம். பொறியாளரிடம் வாங்கிய தோராய மதிப்பீடு. தார்ப்பாய் கட்டிய வராந்தாவின் நாலு போட்டோ. குழுத் தீர்மானம், எண், தேதி. கடைசியில் நான் ஒன்று சேர்க்கச் சொன்னேன். மகளின் நோட்டில் பேனா முடிந்து பென்சில் தொடங்குகிற அந்த இரண்டு பக்கத்தின் ஜெராக்ஸ். "இது எதுக்கு, இதுக்குத் தலைப்பு கெடையாதே" என்றார் சார். டீச்சர் மட்டும் வைக்கட்டும் என்றார். வைத்தோம்.

மூன்று நகல் எடுத்தோம். ஒன்று வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு, ஒப்புகை வாங்கிக்கொண்டு. ஒன்று நாகர்கோவில் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு. மூன்றாவது சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு, ஆனால் இந்தத் தடவை கேட்டது வேறு. அவையில் பேச வேண்டாம், இந்தத் தாள் துறையின் பட்டியலில் ஏறிவிட்டதா என்று இயக்குநரகத்துக்கு உங்கள் கடிதத்தாளில் ஒரு கடிதம் மட்டும் இப்போதே அனுப்புங்கள் என்றோம். உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார். இந்த மாதத்தில் யாரும் பள்ளிக் கட்டடம் கேட்டு வருவதில்லை என்றார். கடிதம் ஒரு வாரத்தில் போனது, நகல் எங்களுக்கும் வந்தது. உறுப்பினரின் உண்மையான பலம் எந்த மாதத்தில் இருக்கிறது என்று அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னாரே, அதுவும் ஆகஸ்டில்தான்.

கேரளத்தில் இது வேறு மாதிரி. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, என் மனைவியின் அக்கா வீடு அங்கேதான். 1995-லேயே அங்கே தொடக்கப் பள்ளிகளைக் கிராமப் பஞ்சாயத்திடம் கொடுத்துவிட்டார்கள், பள்ளிக் கூரை ஒழுகினால் முதலில் வார்டு மெம்பரைத்தான் பிடிப்பார்கள். சட்டமன்றத்திலும் 1980 முதல் துறைசார் குழுக்கள் இருக்கின்றன, இப்போது 14. பட்ஜெட் பொது விவாதம் முடிந்ததும் மானியக் கோரிக்கைகள் அந்தக் குழுக்களுக்குப் போகும், உறுப்பினர்கள் அதிகாரிகளை எதிரில் உட்கார வைத்து வரி வரியாகக் கேட்பார்கள், அப்புறம்தான் அவைக்கு வரும். நாடாளுமன்றத்தில் 1993 முதல் இந்த ஏற்பாடு. குழு இருந்தாலும் தொகையைக் கூட்ட முடியாது, விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் கல்லுக்கட்டடம் எத்தனை, வராந்தா வகுப்பு எத்தனை என்று ஓர் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டிய மேஜை ஒன்று இருக்கிறது. நம் அவையில் இவ்வளவு பெரிய கோரிக்கைக்கு ஒரு நாள் விவாதம் என்பது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை.

2024 பிப்ரவரி 19-இல் பட்ஜெட் வந்தது, பள்ளிக் கல்விக்கு 44,042 கோடி. மக்களவைத் தேர்தல் வருவதால் அப்போது முன்பண மானியம் மட்டும் நிறைவேற்றினார்கள். 206-வது பிரிவு தருகிற ஏற்பாடு இது, முழு அனுமதி கிடைக்கும்வரை அரசு ஓடுவதற்குச் சில மாதச் செலவு. சம்பளம் போகும், மின்சாரம் ஓடும், புதிய வேலையை வழக்கமாக அதில் தொடங்க மாட்டார்கள். துறைவாரி மானியக் கோரிக்கைகள் ஜூன் கடைசியில்தான் அவைக்கு வந்தன. அதற்குள் இன்னொரு இடவப்பாதி வந்து வராந்தாவை நனைத்துவிட்டுப் போனது. தார்ப்பாய் இரண்டாவது முறை மாற்ற வேண்டியிருந்தது, இந்த முறை குழுவில் காசு பிரித்தோம்.

கோரிக்கை நிறைவேறிவிட்டது என்று நாங்கள் துள்ளினோம். சார் பொறு என்றார். சட்டமன்றம் கொடுப்பது செலவழிக்க அனுமதி, அதற்குப் பிறகு அரசாணை வர வேண்டும், அதில் பள்ளிகளின் பட்டியல் இருக்க வேண்டும், அப்புறம் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி. இதெல்லாம் இழுத்து மார்ச் 31 தாண்டினால் செலவாகாத தொகை திரும்பப் போய்விடும், அடுத்த வருடம் மறுபடியும் எழுத வேண்டும். தீபாவளி கழிந்து பட்டியல் வந்தது. டீச்சர் போனில் சொன்னார், குரல் நடுங்கியது. எங்கள் பள்ளி இருந்தது, இரண்டு வகுப்பறை. எங்களைப் போலவே கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று பட்டியலில் இல்லை. அவர்களுடைய இடத்துக்குப் பட்டா இல்லை என்று காரணம் சொன்னார்களாம். அந்த ஊர்த் தலைமை ஆசிரியர் என் கடைக்கு வந்து எங்கள் தாளின் நகலை வாங்கிப் போனார்.

2025 ஜனவரியில் அஸ்திவாரம் தோண்டினார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வேலை வேகமாக நடந்தது, மார்ச் 31-க்கு முன்னால் பில் போட வேண்டுமே. கம்பியும் சிமெண்டுக் கலவையும் சரியாக இருக்கிறதா என்று குழுவில் கொத்தனார் வேலை பார்க்கிற ஒரு பெற்றோர் தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தார், ஒரு தடவை ஈரமில்லாமல் காய்ந்த தளத்தைக் கண்டு சண்டை போட்டு நனைக்க வைத்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் உள்ளே போயின. அந்த ஜூனிலும் மழை வலுத்துத்தான் அடித்தது.

என் மகள் அந்த அறையில் ஒரு நாள்கூட உட்காரவில்லை. வராந்தாவில் நாலும் ஐந்தும் முடித்து, அறை திறந்தபோது ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

2024-இல் மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தார்கள், நான் மறுபடியும் வந்தேன், அக்கா இந்த முறை நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் புதிய அறையிலேயே உட்கார்ந்து அடுத்த தாளை எழுதினோம். பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை இரண்டு குறைவு, கிணற்றுப் பக்கம் சுற்றுச்சுவர் இல்லை. எண்ணிக்கை, பட்டா நகல், போட்டோ, மதிப்பீடு, தீர்மானம். 12-ந் தேதி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டின் நகல் கடையில், பழைய ஜெராக்ஸ் தாளில் சார் போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.